கேமராவுக்கு எதிராக ஒரு ஓட்டு

அழைப்பு மணியை மூன்றாம் முறை அழுத்தினேன். சத்தமே இல்லை.

கரண்ட் இருந்தது. கீழ் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. இங்கே ஜன்னலுக்குள் ஒரு மஞ்சள் பல்பு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. ஒயரிங்கே கோளாறு போல.

வாசல் மணியைச் சரிசெய்யத் துப்பில்லை. இந்த லட்சணத்தில் இந்த மதிக்குக் கேமரா ஒரு கேடு!

ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்திருக்கவே வேண்டாம். ஆனால் விஷயம் பெரிது. 'கவசம்' ஆபத்தில் இருந்தது.

கவசம் என்பது நாங்கள் பதினோரு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, சம்பளம் இல்லாமல் எழுதுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். இதைவிடப் பாதுகாப்பானது உலகத்திலேயே கிடையாது என்று நாங்கள் பதினோரு பேரும் நம்புகிறோம்.

அதைப் போட்ட கம்ப்யூட்டரில் கேமரா வேலை செய்யாது. கேமரா என்றால் திருடனுக்குத் திறந்து வைத்த ஜன்னல். அந்த விதியை எழுதியவன் நான்.

நான் வேலை பார்க்கும் துறைமுகத்தின் கேட்டில் தினம் இரண்டு வேளை என் மூஞ்சியைப் படம் பிடிக்கிறார்கள். எங்கள் தெருமுனைக் கம்பத்தில் நாலு கேமரா. என் கல்யாண வீடியோ யூடியூபில் கிடக்கிறது. இதையெல்லாம் சொல்லிக் காட்டி என் மனைவி ஷாலு சிரிப்பாள். அவளுக்குக் கொள்கை புரியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால், பதினோரு பேரில் ஒருவரான இந்த மதி குழுவுக்கு ஒரு மெயில் போட்டார். மகள் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாளாம், அவளோடு பேச வேண்டுமாம், கவசத்தில் கேமராவை ஓட விட வேண்டுமாம்.

'பேசுவதற்கு எதற்கய்யா மூஞ்சி? மைக் போதாதா?' என்று பதில் போட்டேன். பதினேழு பேர் சிரித்தார்கள். அதாவது, நாலு பேர் பதினேழு முறை.

சண்டை ஆரம்பித்தது. இருநூறு மெயிலுக்கு மேல் போயிற்று. பாதி என்னுடையது.

இத்தனைக்கும் மதி வாராந்திரக் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆறு வருடமாக மைக்கை மூடியே வைத்திருப்பார். கூட்டம் முடிந்த பிறகு எழுத்தில் கேள்வி கேட்பார். 'வாயில் என்ன கொழுக்கட்டையா?' என்று அதற்கும் ஒரு மெயில் போட்டேன். எல்லாரும் ரசித்த மெயில் அது.

இன்று மாலை ஆறு மணிக்குள் ஓட்டு. பத்துப் பேர் போட்டாயிற்று. ஐந்துக்கு ஐந்து. என் ஓட்டுதான் பாக்கி. அது எந்தப் பக்கம் விழும் என்று தெரு நாய்க்கும் தெரியும்.

தோற்றால் விலகிவிடுவேன் என்று மதி எழுதியிருந்தார். அங்கேதான் சிக்கல். கவசத்தின் பூட்டு முழுக்க அவர் எழுதியது. அவர் போனால் அதைத் திறந்து பழுது பார்க்க ஆள் கிடையாது.

ஆகவே நேரில் வந்தேன். 'கேமரா கோரிக்கையை வாபஸ் பெறுகிறேன்' என்று நானே டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொண்டு வந்திருந்தேன்.

நான்காம் முறை அழுத்தியபோது பின்னால் படியில் ஒரு பெண் மாவு பாக்கெட்டோடு ஏறி வந்தாள். மதியின் மனைவி மோகனப்ரியா என்றாள். நான் ரகுபதி என்றதும் ஒரு நொடி நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெல்லு ரிப்பேரு போல" என்றேன்.

"பெல்லு நல்லாத்தான் சார் கீது. அவருக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. பொறந்ததுலேர்ந்தே. அதான் அமுத்துனா லைட்டு எரியிற மாதிரி வெச்சிகீறாரு. குளிச்சிகினு இருப்பாரு, உள்ள வாங்க."

சாவியைத் திருப்பிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "பொண்ணும் அவரும் கையாலதான் பேசிக்குவாங்க. போனை நம்பாதன்னு நீங்க எழுதுனீங்களாமே, அத்த படிச்சிட்டு போனையும் வித்துட்டாரு. என்னுது பட்டன் போனு. மெயிலு மட்டும் போட்டுக்குவாங்க, மூணு மாசமா பொண்ணாண்ட ஒரு வார்த்த பேசல சார்."

'பேசுவதற்கு எதற்கய்யா மூஞ்சி?' சட்டைப் பையிலிருந்த காகிதத்தை உள்ளேயே கசக்கினேன்.

மதி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். வந்திருப்பது யார் என்று புருவத்தைத் தூக்கி மனைவியைக் கேட்டார்.

அவள் என் பெயரை எழுதிக் காட்டவில்லை. உள்ளங்கையில் மாவு வைத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்தாள். அதை வாயில் போட்டு, கன்னத்தை உப்பிக் காட்டினாள்.

மதிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

துண்டைத் தோளில் போட்டுவிட்டு, என்னை நேராகப் பார்த்து, இரண்டு கைகளாலும் பேச ஆரம்பித்தார். ஒரு நிமிடம் இருக்கும். கை ஓயவே இல்லை. ஆறு வருடம் மூடியிருந்த மைக் அது.

"உக்காரச் சொல்றாரு சார்" என்றாள் மோகனப்ரியா.

"மீதி?"

"மீதியத்தான் உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரே."