ஷ்யாமளா மிஸ்ஸுக்கு ஒரு சால்வை

பேச்சிராஜாவின் கை வெடவெடவென்று நடுங்கியது. அடடா, பக்தி என்றால் இதுவல்லவா பக்தி என்று பூரித்துப்போனார் ஷ்யாமளா மிஸ்.

“நைன்த் பி, கடைசி பெஞ்சு, மிஸ். நல்லாருக்கியளா?” என்றான் அவன். தாராவியில் சொந்தமாகத் தோல் பைப் பட்டறை, கழுத்தில் தங்கச் சங்கிலி, கன்னம் வரைக்கும் மீசை, எல்லாம் இருந்தது. கால் மட்டும் வாசல் பக்கமே திரும்பி நின்றது.

“மீசை வச்சுண்டா எனக்கு அடையாளம் தெரியாதா? பதினேழாம் வாய்ப்பாடு கேட்டா ஃபேனைப் பாப்பியே, அந்த மண்டுதானே நீ!”

பேச்சிராஜா தலையைக் குனிந்துகொண்டான். “கண்ணைப் பாத்துப் பேசுங்க, பேச்சி. மூச்சை நன்னா இழுத்து விடுங்க” என்று பக்கத்தில் நின்ற ஸ்ரீலேகா மெல்லச் சொன்னாள். அவன் நிமிர்ந்து மிஸ்ஸின் கண்ணை ஒரு தரம் பார்த்தான். பார்த்த கையோடு தன் நாற்காலிக்கு ஓடிவிட்டான். வட்டமாக உட்கார்ந்திருந்த மற்றவர்கள் கை தட்டினார்கள்.

இந்த ஸ்ரீலேகாவும் மிஸ்ஸிடம் படித்தவள்தான். இப்போது செம்பூரில் டாக்டர். என்ன டாக்டர் என்று மிஸ் கேட்டுக்கொள்ளவில்லை. நாம் உருவாக்கிய டாக்டர், அது போதாதா?

பாவம், மிஸ்ஸுக்கு ஒரு தீராத வயிற்றெரிச்சல். காலமெல்லாம் கணக்குப் பாடம் எடுத்து ரிடையராகியும் ஒரு ஈ காக்கை அவர் மாதுங்கா வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனால் அதே பள்ளிக்கூடத்தில், ஆப்பிளையும் கூஜாவையும் தவிர வேறெதுவும் வரையத் தெரியாத டிராயிங் டீச்சர் வந்தனாவுக்கு இதுவரை மூன்று சால்வை! மூன்றையும் அவள் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் மாற்றி மாற்றிப் போடுவாள். நமக்கும் ஒரே ஒரு சால்வை கிடைத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று மிஸ் ஏங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீலேகாவின் போன் வந்தது. “மிஸ், சில பேர் உங்களை இன்னும் மறக்க முடியாம இருக்கா. ஞாயித்துக்கிழமை என் கிளினிக்குல சித்த நேரம் வந்து உக்காந்தேள்னா போறும்.”

மிஸ் பட்டுப்புடவையை இஸ்திரிக்குப் போட்டார். பில்டிங் முழுக்கச் சொன்னார், வாட்ச்மேனையும் விடவில்லை. வந்தனாவுக்கு மட்டும் இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னார்.

வந்து பார்த்தால் மேடையைக் காணோம், மாலையைக் காணோம். ஆனால் மூலை மேஜையில், சிவப்புத் துணி போட்டு மூடி ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவேயில்லை. சால்வைக்கே இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனார் மிஸ்.

அடுத்து வந்தவள் இசக்கிசெல்வி. “மிஸ், போன வாரம் நாங்க எல்லாரும் மோனோரயில்ல போனோம். நான் ஜன்னலோரமா உக்காந்து கீழ ரோட்டையே பாத்தேன்!” அதற்கும் எல்லாரும் கை தட்டினார்கள். நாற்பது வயதில் ஜன்னலோரத்துக்கு இப்படி ஒரு கூத்தா என்று மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு வந்த ஷ்ரவண் பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, “இப்ப நான் பேங்க் மேனேஜர், மிஸ்” என்றான்.

“கூட்டலே வராத ஒன்னைப் போய் மேனேஜர் ஆக்கினது எவன்டா? பேங்க் இன்னும் இருக்கோ?”

மிஸ் மட்டும்தான் சிரித்தார். ஷ்ரவணுக்கு முகம் வெளிறியது. ஆனால் பார்வையைத் திருப்பவில்லை. “ஷாபாஷ், ஷ்ரவண்!” என்று ஸ்ரீலேகா கட்டை விரலை உயர்த்தினாள்.

பழக்கதோஷத்தில் மிஸ் கண்ணாடிக்கூட்டால் நாற்காலிக் கையில் டொக் டொக்கென்று தட்டினார். அவ்வளவுதான், அத்தனை பேரும் விறைத்து உட்கார்ந்தார்கள். ஒருவன் இரண்டு கையையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டான். இத்தனை வருஷம் கழித்தும் என்ன ஒழுக்கம்!

“அன்னிக்கு நான் ஸ்கேலால முட்டியில போட்டேனே, அதாலதானே இன்னிக்கு நீங்கள்லாம் மனுஷாளா நிக்கறேள்?” என்றார் மிஸ். இசக்கிசெல்வி விசும்ப ஆரம்பித்தாள். மிஸ்ஸுக்கும் தாங்கவில்லை. சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

ஸ்ரீலேகா மூலைக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்து வந்தாள். ஆஹா, வந்துவிட்டது! மிஸ் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தன் போனைப் பேச்சிராஜாவின் கையில் திணித்தார். “சால்வை போடறச்சே நன்னா ஒரு போட்டோ எடு. வந்தனாவுக்கு அனுப்பணும்.” கழுத்தைச் சற்றே வளைத்துக் கொடுத்தார்.

ஸ்ரீலேகா சிவப்புத் துணியை விலக்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தடியாக ஒரு பல்லி வாலை ஆட்டியது. வட்டம் கலைந்து எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

“உசரம் ஆச்சு, மிஸ் ஆச்சு. சலோ, இதுக்கு யாரு முதல்ல வர்றீங்க?” என்றாள் ஸ்ரீலேகா.

பேச்சிராஜா மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தான். இப்போது அவன் கை நடுங்கவில்லை. போனை மிஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்தான்.

“என்னைய ஒரு போட்டோ பிடிங்க, மிஸ். உங்களையே பாத்துட்டேன், இனிமே பல்லிக்கா பயப்படப் போறேன்?”