பத்து நாள் குடித்தனம்

“ஒரு தடயம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. சுத்தமா அழிச்சிடு” என்று கணவன் தாழ்ந்த குரலில் சொன்னான். மச்சினன் அதைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டான்.

அது கம்ப்யூட்டரிலிருந்து சற்றுமுன் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க். தன் கடைக்கு வேண்டுமென்று மச்சினன் கேட்டிருந்தான். “என் லேப்டாப்புல மாட்டி அழிச்சுக்கிறேன் மாமா” என்று உள் அறைக்கு நகர்ந்தான். அவசரம் என்ற சொல்லே அவன் நடையில் கிடையாது.

“உன் தம்பி இன்னிக்கு ஒரு வேலையைத் தொட்டா, அடுத்த வருஷம்தான் முடிப்பான்” என்று கணவன் சலித்துக்கொண்டான்.

தம்பியைச் சொன்னால் மனைவிக்குப் பொறுக்காது. “அவனை விடுங்க. முதல்ல கம்ப்யூட்டரைப் போட்டுக் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள பத்தொன்பது அத்தியாயமும் பதிப்பகத்துக்குப் போயாகணும். ரெண்டு தடவை தேதி தள்ளிப் போட்டாச்சு. இன்னிக்கும் தவறினா புத்தகத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.”

மனைவி மொழிபெயர்ப்பாளர். கணவன் அலுவலகத்தில் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். பத்து நாளைக்கு முன்னால்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் புது டிஸ்க்குக்கு நகலெடுத்து மாற்றியிருந்தான்.

“புது டிஸ்க்குன்னு பேரு, பத்து நாளா அதே ஆமை வேகம்” என்றாள் மனைவி.

“அதெல்லாம் உன் பிரமை.”

பட்டனை அழுத்தினான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: அப்படியொரு டிஸ்க் இல்லை.

கணவன் அசரவில்லை. பென் டிரைவ் மூலம் கம்ப்யூட்டரை எழுப்பி, ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தவன், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

“பூட் லோடர்னு ஒருத்தன் இருக்கான். கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸ் எந்த டிஸ்க்குல இருக்குன்னு பார்த்து எழுப்பிவிடுறதுதான் அவன் வேலை. நான் வீட்டை மாத்திட்டு அவன்கிட்ட புது விலாசத்தைக் கொடுக்கவே இல்லை. பாவம், தினமும் நம்மளைப் பழைய வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருக்கான். பத்து நாளா அங்கதான் குடித்தனம்! ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்.”

பழைய டிஸ்க்கின் நீளமான அடையாள எண்ணை நீக்கி, புது டிஸ்க்கின் எண்ணை இரண்டு இடங்களில் எழுதினான். மறுபடியும் பட்டன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது.

“எப்படி?” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

உள் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. “பாரு, டிஸ்க் அது பாட்டுக்கு அழிஞ்சுக்கிட்டிருக்கு, இவன் பாட்டுக்குத் தூங்குறான்.”

மனைவி தன் ஃபைலைத் திறந்தாள். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“பன்னெண்டாவது அத்தியாயத்தோட நிக்குதே! பத்து நாளா பழைய வீட்டுலதான் இருந்தோம்னீங்களே, அப்போ அங்க உட்கார்ந்து நான் எழுதின ஏழு அத்தியாயம்?”

கணவனின் கை காலரிலிருந்து தானாக இறங்கியது. நாற்காலி கவிழ எழுந்தவன், உள் அறைக்கு ஓடி மச்சினனைப் பிடித்து உலுக்கினான். “நிறுத்துடா! உடனே அதை நிறுத்து!”

மச்சினன் ஒரு கண்ணை மட்டும் பயந்து பயந்து திறந்தான்.

“திட்டாதீங்க மாமா... இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.”