பிரிக்கப்படாத பதினொரு மிட்டாய்கள்

குப்பைமேட்டில் தோண்டியெடுக்கப்படும் ஒவ்வொரு நெகிழியும், எறிந்தவரின் வீட்டிற்கே கைரேகைச் சீட்டுடன் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. எழுபத்தெட்டு வயதான பேச்சியம்மாளின் பெயருக்கும் ஒரு பெட்டி வந்தது. மகள் வெள்ளத்தாய் அதனைத் திறந்தாள். உள்ளே பதினொரு மிட்டாய் உறைகள் இருந்தன. முப்பது நாற்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் அவற்றின் சிவப்பு மங்கவில்லை. எந்த உறையின் முறுக்கும் பிரிக்கப்பட்டிருக்கவில்லை.

தொட்டவர்கள் எனச் சீட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன: பேச்சியம்மாள், சுடலைமுத்து.

சுடலைமுத்து வெள்ளத்தாயின் தந்தை. அவளது ஐந்தாம் வயதில் பிரிந்து சென்றவர், அதன்பின் ஒருமுறைகூட அவளைத் தேடி வரவில்லை என்று கேட்டே அவள் வளர்ந்தாள். அவர் இறந்தபோது முகம் பார்க்கவும் அவள் செல்லவில்லை.

"அப்பா வந்தாராம்மா?"

"பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மிட்டாயக் கொண்டாந்து நீட்டுனா அப்பன் ஆயிருவானா?"

"பதினோரு தடவ வந்திருக்காரு. நீ ஒரு தடவகூடச் சொல்லலியே."

"உன்னையும் கூட்டிட்டுப் போயிருவானோன்னு பயந்தேன்டி."

வெள்ளத்தாய் ஓர் உறையை எடுத்து, அதன் முறுக்கை மெல்லப் பிரித்தாள். உள்ளே எறும்புகள் விட்டுச்சென்ற மண் மட்டுமே இருந்தது.