ராணியின் விந்துப்பை
நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சத்தில் ராணித் தேனீ மல்லாந்து கிடக்கிறது. மெழுகுத் தட்டில் இரண்டு குண்டூசிகள் அதைப் பிடித்திருக்க, ஆய்வகத்தில் வேலை செய்யும் நாத்தனார் இடுக்கியால் வயிற்றைத் திறக்கிறாள். இருபுறமும் சூலகங்கள் நூல்கற்றைகளாக மினுங்குகின்றன. அவற்றுக்குக் கீழே, கடுகளவுகூட இல்லாத உருண்டையாக, இணை சேர்ந்தால் ஆண் தேனீக்களின் விந்து தங்கும் விந்துப்பை. பின்னால் தேனீ வளர்க்கும் அண்ணி மூச்சை அடக்கி நிற்கிறாள். பத்து நாளாக மழை. வீட்டில் இதே வயதில் இன்னும் நாற்பது ராணிகள். வெளியே பறந்துபோய் இணை சேராதவை என்றால் அவற்றின் முட்டைகளில் ஆண் தேனீக்கள் மட்டுமே வரும். நாற்பது கூட்டமும் பாழ். அதை அறியத்தான் ஒன்றைக் கொன்று எடுத்து வந்திருக்கிறாள்.

“வெள்ளையா இருக்கே! சேர்ந்திருக்கு!”

“கத்தாதீங்க அண்ணி. இது மேல போர்த்தியிருக்கிற வலை. கன்னிக்கும் வெள்ளையாத்தான் தெரியும். உரிச்சாதான் புரியும்; உள்ள தண்ணியா இருந்தா கன்னி, பாலா இருந்தா சேர்ந்தது.”

“அப்ப உரி. மழையில எது பறக்கும், எல்லாத்தையும் நசுக்கிடறேன்னு உங்க அண்ணன் நிக்கிறார்.”

“தூறல் போட்டா அவர் கடைக்கே போகமாட்டார். அவரைப் போய்க் கேட்டீங்களே!”

இடுக்கியின் முனை வலையைக் கவ்வி இழுக்கிறது. மூச்சுக்குழாய்கள் பின்னிய அந்தச் சல்லா சட்டைபோலக் கழன்று வருகிறது. உள்ளே கெட்டியான பால் நிறம், சலவைக்கல்லின் மெல்லிய சுழிகளோடு.

நாத்தனார் நாற்காலியைத் தள்ளி இடம் விடுகிறாள். அண்ணி குனிந்து பார்க்கிறாள், நிமிராமலே போனைத் துழாவி எடுக்கிறாள்.

“என்னங்க, ஒண்ணையும் தொடாதீங்க! பறந்திருக்கா! நடுவுல ஒரு மணி நேரம் வெயில் அடிச்சிருக்கு, நீங்க தூங்கியிருக்கீங்க!”