கிளம்ப மறுத்த மஸ்டாங்

"காலமை ஒரே திருப்பில ஸ்டார்ட் வந்த வண்டி, தம்பி," என்று குணநாதன் பிருந்தனிடம் மன்றாடினார்.

பியர்பொன்ட்ஸ் நகர வீட்டுக் கராஜில் நின்ற அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங் கார், விலைக்குக் கேட்டு வந்த அவன் முன்னால் மூச்சும் விடவில்லை. இளமையில் ஆற்றோர வீதிப் பந்தயங்களில் தாம் அதைத் தேரென விரட்டிய கதையை அவர் ஒரு மணி நேரம் விரித்துரைத்ததெல்லாம் வீணாயிற்று.

"ஓடினால் சொல்லுங்கோ, அங்கிள்," என்று அவன் போய்விட்டான். இப்படித் திரும்பிப் போனவர்களில் அவன் மூன்றாமவன்.

குணநாதன் மனைவியிடம் சீறினார். "வித்துத் துலையுங்கோ எண்டு இருபது வருஷமாய் நச்சரிச்சீர். விக்க வெளிக்கிட்டால் சனியன் அசையுதில்லை."

"விடுங்கோப்பா. முதல்ல போய்க் குளியுங்கோ," என்றாள் தேவமலர்.

அவர் உள்ளே போனதும் அவள் பொனட்டைத் திறந்தாள். தொலைபேசியில் தங்கையை அழைத்து, கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காலையில் டிஸ்டிரிபியூட்டருக்குள்ளிருந்து கழற்றி ஒளித்த எஞ்சின் கிளம்பத் தேவையான சிறு ரோட்டரைப் பழையபடி பொருத்தினாள்.

"முப்பது வருஷம் அவர் திருத்தேக்க டோர்ச் பிடிச்சு நிண்டவளுக்கு இது தெரியாதேயடி? பென்சன் எடுத்த மனுசன், விளம்பரம் போட்ட கிழமையே குசினிக்குள்ள வந்து சோத்துக்கு எவ்வளவு தண்ணி எண்டு எனக்குப் படிப்பிக்கிறார். வண்டியும் போனால் முழுநாளும் என்ர தலைக்கு மேலதான்."

பின்னேரம் அவர் கார்த் திறப்பைத் திருப்பியதும் மஸ்டாங் கார்கால மேகமெனக் கர்ச்சித்தது.

"இப்ப மட்டும் வருது," என்று குணநாதன் தலையில் கைவைத்தார். "இனி எல்லாத்தையும் கழட்டித்தான் பாக்கவேணும். ஒரு வருஷம் பிடிக்கும்."

"ஓமப்பா," என்றாள் தேவமலர். "அவசரமில்லை, ஆறுதலாய்ப் பாருங்கோ."