அலாரத்தை நிறுத்திய வரி

வேலையிலிருந்து அனுப்பப்பட்டு இரண்டு வருடம் கழித்து, தேவசகாயம் தன் பழைய அலுவலகத்தில் இருக்கும் வான்மதிக்குப் போன் செய்தார்.

"ஒரேயொரு உதவிம்மா. நம்ம மென்பொருள்ல அந்த அலாரத்த நிறுத்துன வரிய யாரு போட்டதுன்னு பாத்துச் சொல்லு. நானாத்தான் இருக்கும். ஆனா எப்ப போட்டேன்னு ஞாபகமே வர மாட்டேங்குது."

அவர்கள் எழுதிய மென்பொருள் ஆஸ்பத்திரிகளில் மூச்சுக்கருவிகளைக் கண்காணித்தது. ஒருநாள் ஒரு கருவியின் குழாய் கழன்றபோது அலாரம் அடிக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண் இறந்துபோனாள். குழுத்தலைவர் தேவசகாயம் உடனே பழியை ஏற்றுக்கொண்டதால் யாரும் மேற்கொண்டு தோண்டிப் பார்க்கவில்லை.

வான்மதி கமிட் ஹிஸ்டரியைத் திறந்தாள். எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் அப்படியே இருக்கும். நெடுநேரம் கீழே போன பிறகு அது கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மென்பொருளை வாடிக்கையாளருக்குக் காட்டும்போது அலாரம் ஓயாமல் அடித்ததால் சேர்த்த ஒற்றை வரி. பக்கத்தில், 'தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறேன்' என்ற குறிப்பு. அதைத் தான் எழுதியது அவளுக்கு நினைவு வந்தது. அன்று சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம்கூட நினைவு வந்தது.

"என் பேருதானேம்மா?"

"இல்ல சார்."

அவர் அழுவது மூச்சில் தெரிந்தது. பிறகு, "அப்ப யாரும்மா?" என்றார்.

திரையில் இருந்த பெயரை இனிஷியலோடு, வேறு யாருடையதையோ படிப்பதுபோல அவள் படித்தாள். அவர் போனை வைக்கவில்லை.