செடிக்கு யார் உப்பு போட்டது?

"உப்புடா. யாரோ உப்பு போட்டிருக்காங்க," என்றார் செடி வளர்ப்பில் கைதேர்ந்த நண்பர் ரூஃபோ.

பின்னறை விளக்குக்குக் கீழே மூன்று கஞ்சாச் செடிகளும் தொங்கிப்போய் நின்றன. இலை நுனியெல்லாம் தீய்ந்திருந்தது.

"சும்மா அடிச்சு விடாதே," என்றார் வீட்டுக்காரர் கோரோ. "உரம் குறைஞ்சிருக்கும்."

"உரம் குறைஞ்சா அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும். இங்க மேல கீழன்னு எல்லாமே நுனியில கருகியிருக்கு. பூச்சியும் இல்ல, திருப்பிப் பாத்துட்டேன்."

ரூஃபோ வாயிலிருந்த பாக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். தொட்டி மண்ணில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"உப்பேதான்! தண்ணி எங்க பிடிக்கிற?"

"மழைத்தண்ணி. உரமும் நீ சொன்னதுல பாதிதான் போடறேன்."

"அப்ப யாரோ ஊத்தறாங்க. நல்ல தண்ணி விட்டு மண்ணை அலசு, புதுத்தளிர் வந்துடும். ஆனா அந்தக் கையை நிறுத்தணும். இல்லேன்னா மூணும் காலி."

மூணும் காலியானால் லோலேயின் ஆட்டமும் காலி. கோரோவின் மனைவி லோலேவுக்கு முழங்கால் வலி. இந்தச் செடியைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தடவினால்தான் கொஞ்சம் நடமாட்டம். மெரிசோ ஊர்ப் பண்டிகையில் சா-சா ஆடுவதில் லோலேயை மிஞ்ச ஆள் கிடையாது. போன வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் ஆடியே தீருவேன் என்று புதுச் செருப்புகூட வாங்கி வைத்திருக்கிறார்.

"சரி, வாசல்ல வெச்சிருக்கியே, அது என்ன சட்டி?" என்றார் கோரோ.

"கோழி சூப்பு. எம் பொண்டாட்டி 'பாவம், கோரோ வீட்டுப் பிள்ளைங்களுக்கு'ன்னு கொடுத்து விட்டா. பேரப்பிள்ளைங்க வந்திருக்காங்களா?"

"இல்லையே."

"அப்ப நாம சாப்பிடுவோம். பேச்சை மாத்தாதே. இந்த அறைச் சாவி எங்க இருக்கும்?"

வீட்டில் கஞ்சா வளர்க்கலாம், ஆனால் பூட்டிய அறைக்குள்தான் என்பது குவாம் தீவின் சட்டம். சாவி வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்துக்குப் பின்னால் தொங்கும்.

"பீடத்துக்குத் தினம் பூ வைக்க வர்றது யாரு?"

கோரோவின் முகம் சிவந்தது. "அக்கா!"

பிபியானா அக்கா ஊர் ஜெபமாலைக் குழுவின் தலைவி. செடி வந்த அன்றே, "மாதா இருக்கிற வீட்டுல கஞ்சாவாடா? உருப்படுவியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியவர். இந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வார்.

வெளியே கார் வந்து நின்றது. இரண்டு பெரிய மனிதர்களும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

பூசை முடிந்து வந்த பிபியானா அக்கா, அறை திறந்திருப்பதைப் பார்த்ததும் நேரே உள்ளே வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். முணுமுணுத்தபடியே மூன்று தொட்டியிலும் ஊற்றினார்.

"கையும் களவுமா மாட்டினியா அக்கா!"

"அய்யோ மாதாவே!"

ரூஃபோ பாட்டிலைப் பிடுங்கி ஒரு சொட்டு நக்கினார். "அதே உப்பு!"

சத்தம் கேட்டு லோலே கைத்தடியை ஊன்றி வந்தார். "என்னங்க இது ரகளை?"

"உன் நாத்தனாரைக் கேளு! நீ ஆடக்கூடாதுன்னு செடிக்கு விஷம் வைக்கறா!"

"விஷமா? வாயைக் கழுவுடா!" பிபியானா அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அது கோயில் தீர்த்தம்!"

சின்ன வயதில் பூசை உதவிக்கு நின்றவர் கோரோ. அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நம்ம பாதிரியார் உப்பை மந்திரிச்சுப் போட்டுத்தானே தீர்த்தம் பண்ணுவார்? அதைத் தினம் ஊத்தினா செடி என்னத்துக்கு ஆகும்? பேய் ஓட்டறியா?"

"பேய் ஓட்டறவ தூர நின்னு தெளிப்பா. நான் வேருக்கில்ல ஊத்தினேன்!" அக்காவின் குரல் உடைந்தது. "போன பண்டிகையில இவ நாற்காலியில உக்காந்திருந்ததை என்னால பாக்க முடியலடா. செடி சீக்கிரம் வளரட்டும்னுதான்... உப்பு இருக்கிறது மறந்தே போச்சு."

லோலேவுக்குக் கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாத்தனாரைக் கட்டிக்கொண்டார்.

"பின்ன ஏன் அண்ணி ஊரெல்லாம் எங்களைத் திட்டினீங்க?"

"ஜெபமாலை சொல்றவ வேற என்னடி சொல்றது?"

கோரோ வெட்கத்தோடு மழைத்தண்ணீர் வாளியைத் தூக்கி வந்தார். ரூஃபோ மண்ணை அலச ஆரம்பித்தார்.

"செடி பிழைச்சிடும். தீர்த்தம் மட்டும் வேணாம்க்கா. வேணும்னா வேண்டிக்கோங்க, அது போதும்."

"அது ஏற்கெனவே நடக்குது. குழுவே ஒம்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லிட்டிருக்கு."

"கஞ்சாவுக்கா!"

"கஞ்சான்னு சொல்ல முடியுமா? 'எந்தம்பி வீட்டுல மூணு பிள்ளைங்க சோர்ந்து கெடக்கு, பிழைக்கணும்'னு சொல்லியிருக்கேன்." பிபியானா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உம் பொண்டாட்டிதான் ரூஃபோ, தினம் முதல் வரிசையில உக்காந்து அதுங்களுக்காக அழறா!"